ஜூல் கற்பித்த கணக்கு

பள்ளியில் பௌதிகம் பயின்ற எவருக்கும் ஜூல் என்ற சொல் புதிதன்று. ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையில் ஒரு மீட்டர் நகர்த்தினால் நடந்த வேலை ஒரு ஜூல் என்று எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம் அனைவரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அந்த மனிதர் பல்கலைக்கழகப் படியை மாணவராக மிதித்தவரே அல்லர் என்பதையும் எண்ணிப் பார்த்தவர் நம்மில் சிலரே.

வேலை, ஆற்றல் என்னும் பாடங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பெரிதும் மயங்க வைப்பவை. இரயில் நிலையத்தின் மேடையில் தலைச்சுமையோடு சீராக நடந்து செல்லும் போர்ட்டர் அந்தச் சுமையின்மீது வேலை எதுவும் செய்யவில்லை என்று புத்தகம் கூறுகிறது. வியர்வை வழிய நடக்கும் அவரைக் கண்ணாரக் கண்ட சிறுவன் இதை எப்படி நம்புவான்? நம்புவதில்லை. தேர்வுக்கு ஒரு வேலை, வாழ்க்கைக்கு ஒரு வேலை என்று மனத்தில் இரண்டை வைத்துக்கொள்கிறான். பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

நம் சங்கத்து நண்பர்களில் சிலர் நாளை ஆசிரியர் ஆகப் போகிறவர்கள். சிலர் இன்றே மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறவர்கள். அவர்களுக்கு ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலின் வாழ்க்கை ஓர் உயர்ந்த பாடநூல். ஆற்றல் என்பது மனனம் செய்யவேண்டிய இலக்கணமன்று, வரவும் செலவும் சரிபார்க்கவேண்டிய கணக்கு என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டினார்.

டால்டனின் மாணவர்

ஜூல் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பெஞ்சமின், பெரிய பீர் ஆலையின் உரிமையாளர். செல்வத்திற்குக் குறைவில்லை, உடல்நலந்தான் குறைவு. முதுகெலும்பு வலுவற்ற பிள்ளையாக இருந்ததால், வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக் கல்வி புகட்டினர். கூச்சமும் அடக்கமும் சிறு வயதிலேயே அவரிடம் குடிகொண்டன. இறுதிவரை அவை அவரை விட்டு நீங்கவில்லை.

1834இல் தந்தை தம் பிள்ளைகள் இருவரையும் ஜான் டால்டனிடம் அனுப்பினார். அணுக் கொள்கையால் உலகப் புகழ் பெற்றிருந்த டால்டன், அந்த முதிய வயதிலும் சிறுவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்து வந்தார். இரசாயனம் கற்கலாம் என்ற ஆவலோடு சென்ற சகோதரர்களுக்கு அவர் முதலில் கற்பித்தவை எண் கணக்கும் வடிவ கணிதமுமே. அளக்கத் தெரியாதவனுக்கு அணுவைப்பற்றிச் சொல்லிப் பயனில்லை என்று அவர் கருதினார் போலும்! 1837இல் டால்டன் பக்கவாதத்தால் விழுந்தார், பாடமும் நின்றது. ஆயினும், ஆராய்ச்சியில் தமக்கு விருப்பத்தை மூட்டியவர் டால்டனே என்று ஜூல் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பகலில் தந்தையின் ஆலை. ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே அமைத்த ஆய்வுக்கூடம். இதுவே அவருடைய கல்லூரி. பீர் காய்ச்சும் தொழிலில் வெப்பநிலை சிறிது பிசகினாலும் சரக்கு கெடும், முதல் நட்டமாகும். ஆகவே வெப்பமானியைக் கூர்ந்து நோக்கும் பழக்கமும், ஒவ்வொரு செலவுக்கும் வரவு தேடும் பழக்கமும் அவருக்கு ஆலையிலேயே கைவந்தன என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

துத்தநாகமும் நிலக்கரியும்

1830களில் மின்சார மோட்டார் புதுப்பொருள். அது நீராவி இயந்திரத்தை வென்று, ஏறக்குறைய செலவில்லாமலே உலகை ஓட்டும் என்று பலர் கனவு கண்டனர். பத்தொன்பது வயது ஜூலும் அக்கனவில் பங்கு கொண்டார். அவருடைய முதல் கட்டுரை 1838இல் வெளிவந்தது. அதன் பொருளும் மின் மோட்டாரே.

ஆனால் அவர் கனவோடு நிற்கவில்லை, கணக்குப் பார்த்தார். மின்கலத்தில் ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்து தீரும்போது மோட்டார் எவ்வளவு சுமையை எவ்வளவு உயரம் தூக்குகிறது? ஏறத்தாழ 331,400 ராத்தலை ஓரடி உயரம். கார்ன்வால் சுரங்கங்களின் சிறந்த நீராவி இயந்திரமோ ஒரு ராத்தல் நிலக்கரியைக்கொண்டு சுமார் 15 இலட்சம் ராத்தலை ஓரடி உயரம் தூக்கியது. துத்தநாகம் நிலக்கரியைவிட விலை மிகுந்தது. பயனோ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுமேல். 1841இல் அவர் இந்த உண்மையை வெளியிட்டபோது மின் மோட்டாரைப்பற்றிய தம் நம்பிக்கையையும் கைவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிட அவர் கையாண்ட அளவுகோல், சுமையும் அது ஏறிய உயரமும் சேர்ந்த பெருக்கம். அதுதான் வேலை. பிரெஞ்சுப் பேராசிரியர் கொரியோலிஸ் 1829இல் அதற்கு அப்பெயரை இட்டிருந்தார். ஆனால் பொறியாளர்களுக்கு அது பெயரில்லாமலே பழகிப்போன பொருள். சுரங்கத்திலிருந்து எத்தனை ராத்தல் நீரை எத்தனை அடி உயர்த்தியது என்பதே நீராவி இயந்திரத்தின் விலையை முடிவு செய்தது. ஆகவே இந்த அளவு எவருடைய கற்பனையிலும் உதித்ததன்று. நிலக்கரிக்குப் பணம் கொடுத்தவர்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுந்தது.

கனவு கலைந்த இடத்திலேயே ஜூலுக்குப் புதிய கேள்வி பிறந்தது. மின்கலம் தந்ததில் ஒரு பகுதிதான் சுமையைத் தூக்கியது என்றால், மீதி எங்கே போயிற்று? மின்னோட்டம் பாயும் கம்பி சூடாவதை அவர் கண்டிருந்தார். அச்சூட்டை அளந்து, அது மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது என்று 1840இல் கண்டார். இன்று ஜூல் விதி என்று நாம் படிப்பது இதுவே.

கார்க் நகரத்து மௌனம்

வெப்பம் என்பது கலோரிக் என்ற எடையற்ற ஒரு பாய்பொருள் என்றே அக்காலத்து அறிஞர் பலரும் நம்பினர். அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பாயும். புதிதாகத் தோன்றாது, அழியாது என்பது கொள்கை. 1798இலேயே ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகரில் பீரங்கி துளைக்கும்போது வெப்பம் ஓயாமல் பெருகுவதைக் காட்டி இக்கொள்கையை அசைத்திருந்தார். ஆயினும் அது வீழ்ந்துவிடவில்லை.

ஜூல் ஒரு கம்பிச் சுருளை நீர் நிரம்பிய குழாயில் வைத்து மூடி, அதைக் காந்தத்தின் நடுவே சுழற்றினார். மின்னோட்டம் பிறந்தது, நீர் சூடேறியது. இவ்வெப்பம் வேறெங்கிருந்தும் வடிந்து வரவில்லை. சுருளைச் சுழற்றிய முயற்சியைத் தவிர வேறு வரவே இல்லை. அப்படியானால் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம்? விழும் எடைகளால் சுருளைச் சுழற்றி அளந்தார். ஒரு ராத்தல் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி பாரன்ஹீட் உயர்த்த, 838 ராத்தல் எடை ஓரடி விழும் வேலை தேவை என்று சராசரியாகக் கிடைத்தது. இதை 838 அடி-ராத்தல் என்பர்.

1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானக் கழகத்தில் அவர் இதைப் படித்தார். எதிர்ப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. மௌனமே விடையாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு காற்றை அழுத்திச் செய்த சோதனைகளின் கட்டுரையை ராயல் சொசைட்டி முழுமையாக வெளியிட மறுத்தது. இருபத்தைந்து வயதுப் பீர் ஆலைக்காரர் ஒருவர், ஒரு டிகிரியின் சிறு பின்னங்களை நம்பி ஒரு கொள்கையையே கவிழ்க்க வருகிறார் என்றால், அறிஞர்கள் தயங்கியதில் வியப்பில்லை அன்றோ?

துடுப்புச் சக்கரம்

ஜூல் வாதிடப் போகவில்லை. மேலும் எளிய சோதனையைத் தேடினார். மின்சாரமும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். நீரைக் கலக்கினால் போதும் என்று கண்டார். செம்புப் பாத்திரத்தில் நீர். அதற்குள் பித்தளைத் துடுப்புச் சக்கரம். நீர் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி இடையிடையே நிலையான தடுப்புகள். சக்கரத்தின் அச்சில் சுற்றிய கயிறு இருபுறமும் கப்பிகளின்மேல் சென்று ஈய எடைகளைத் தாங்கியது. எடைகள் இறங்கச் சக்கரம் சுழலும், நீர் கலங்கி அமையும், வெப்பநிலை உயரும். 1845இல் இதை முதன்முதலாக வெளியிட்டார்.

1850இல் அச்சான புகழ்பெற்ற கட்டுரையில் உள்ள அளவுகளைக் கொஞ்சம் பார்ப்போம். எடைகள் இரண்டு; ஒவ்வொன்றும் சுமார் 29 ராத்தல். விழும் உயரம் சுமார் 63 அங்குலம், அதாவது ஐந்தேகால் அடி. விழுந்தபின் மேலே சுற்றி ஏற்றி மீண்டும் விழவிடுவார்; இப்படி 20 முறை. 58ஐ ஐந்தேகாலால் பெருக்கி 20ஆல் பெருக்கினால் 6,090 அடி-ராத்தல் வேலை. இத்தனையும் செய்து நீரும் பாத்திரமும் அடைந்த வெப்ப உயர்வோ அரை டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சற்றுமேல்! மான்செஸ்டரில் கருவிகள் செய்த டான்சர் என்பவரின் வெப்பமானியில், ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைக்கூடத் தம்மால் படிக்க முடியும் என்றார் ஜூல். காற்றால் சூடேறியது எவ்வளவு, கப்பியின் உராய்வில் போனது எவ்வளவு, எடை தரையைத் தொடும்போது மிச்சமிருந்த வேகம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் கண்டு கழித்தார். காசு காசாகக் கணக்குத் தீர்க்கும் நாணயமான கணக்கப்பிள்ளையை ஒத்த பொறுமை அது.

நீரோடு நில்லாமல் பாதரசத்தைக் கலக்கிப் பார்த்தார். வார்ப்பிரும்பை வார்ப்பிரும்போடு உராய்ந்து பார்த்தார். பொருள் மாறினாலும் விடை ஏறத்தாழ மாறவில்லை. 1843இல் 838, 1847இல் நீரிலும் எண்ணெயிலும் சுமார் 782, 1850இல் 772 என்று அவருடைய எண் படிப்படியாக நிலைபெற்றது. இன்றைய மதிப்பு சுமார் 778. நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடுகூட இல்லை.

மேடைப் பேச்சும் ஆக்ஸ்போர்டும்

தம் கொள்கையின் முழு வடிவத்தை ஜூல் முதலில் விளக்கியது அறிஞர் அவையில் அன்று என்பது நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. 1847 ஏப்ரல் 28ஆம் நாள், மான்செஸ்டரில் செயின்ட் ஆன் தேவாலயத்தைச் சார்ந்த படிப்பகத்தில், பொதுமக்களுக்கு அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இறைவன் படைத்த ஆற்றல் மனிதர் கையில் அழிந்துபோகும் என்பது பொருந்தாது என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. உயர்த்திய எடை, ஓடும் பொருளின் வேகம், வெப்பம் யாவும் ஒன்று மற்றொன்றாக மாறுவனவே, குறைவனவல்ல என்று விளக்கினார். வானிலிருந்து விழும் எரிகற்கள் காற்றில் உராய்ந்து சூடேறி எரிவதை எடுத்துக்காட்டினார். கணித அடையாளம் எதுவுமின்றி எளியோருக்குச் சொன்ன அப்பேச்சை, மான்செஸ்டர் கூரியர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை முழுமையாக வெளியிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஆக்ஸ்போர்டில் மீண்டும் விஞ்ஞானக் கழகம். நேரம் குறைவு, சுருக்கமாக முடியுங்கள் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். இதுவும் கார்க் போலவே ஆகியிருக்கும். ஆனால் 23 வயதை எட்டிக்கொண்டிருந்த கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் அங்கே இருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர் இவரே. தாம்சன் எழுந்து கேட்ட கேள்விகளால் அவை விழித்தது என்று ஜூல் முதுமையில் நினைவுகூர்ந்தார். தாம் அவையில் எழவில்லை, கூட்டம் முடிந்தபின் சென்று பேசினோம் என்பது தாம்சனின் நினைவு. எப்படியாயினும் அன்று தொடங்கிய நட்பு ஜூலின் வாழ்வையே மாற்றியது.

தாம்சன் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பது ஆசிரியர்கள் அறியவேண்டியது. நீர் மேலிருந்து கீழே விழுந்து சக்கரத்தைச் சுழற்றினாலும் நீர் குறைவதில்லை. அதுபோல வெப்பமும் குறையாமலே இயந்திரத்தை ஓட்டுகிறது என்ற கார்னோவின் 1824ஆம் ஆண்டுக் கருத்தில் அவர் ஊறியிருந்தார். வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாக மாறிவிடுகிறது, மீதியே கீழே இறங்குகிறது என்று இரண்டையும் இணைத்துக்கொள்ள அவருக்கு 1851 வரை ஆயிற்று. அத்தகைய மேதைக்கே நான்கு ஆண்டு தேவைப்பட்ட செய்தியை, நாற்பது நிமிடத்தில் மாணவன் ஏற்கவில்லையே என்று நாம் சலித்துக்கொள்ளலாமா?

1847 ஆகஸ்டில் ஜூலுக்கும் அமீலியா கிரைம்ஸ் என்ற பெண்மணிக்கும் திருமணம் நடந்தது. தேனிலவுப் பயணத்தில் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் தாம்சன் தற்செயலாக அவரைக் கண்டார். கையில் நீண்ட வெப்பமானியோடு ஜூல் அருவியின் வெப்பநிலையை அளக்கச் சென்றுகொண்டிருந்தார் என்பது தாம்சன் பல்லாண்டுகளுக்குப்பின் சொன்ன கதை. வெப்பமானிச் செய்தி கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அருவியைப்பற்றிய எண்ணம் ஜூலுக்கு இருந்தது உண்மை. 160 அடி விழும் நயாகராவின் நீர் அடிவாரத்தில் ஐந்தில் ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடேறியிருக்கவேண்டும் என்று அவர் 1845இலேயே கணக்கிட்டிருந்தார். நம் நாட்டு ஜோக் அருவியின் உயரம் சுமார் 253 மீட்டர். ஆவியாகியும் காற்றோடு கலந்தும் வெப்பம் மாறாது என்று கொண்டால், அங்கே உயர்வு சென்டிகிரேடு அளவில் அரை டிகிரிக்குச் சற்றுமேல். நம் மாணவருக்கு ஒரு நல்ல கணக்கு இது!

புகழும் துயரமும்

1849இல் ஃபாரடே வாயிலாக ராயல் சொசைட்டிக்குச் சென்ற துடுப்புச் சக்கரக் கட்டுரை அடுத்த ஆண்டு அச்சாயிற்று. 1850இலேயே ஜூல் அச்சபையின் உறுப்பினரானார். முன்பு மறுத்த சபையே இப்போது வரவேற்றது. 1870இல் அதன் மிக உயர்ந்த கோப்ளி பதக்கமும் கிடைத்தது. ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1842இலேயே இக்கருத்தைத் தம் வழியில் கண்டு எழுதியிருந்தார். யார் முதல்வர் என்ற பூசல் பிற்காலத்தில் இரு நாட்டு ஆதரவாளரிடையே மூண்டது. 1871இல் மேயருக்கும் அதே பதக்கம் வழங்கப்பட்டது. கருத்தை முதலில் சொன்னவர் மேயர். சோதனையால் அசைக்க முடியாதபடி நாட்டியவர் ஜூல் என்று கொள்வதே நடுநிலை.

வீட்டில் துயரம் சூழ்ந்தது. 1854இல் மனைவி இறந்தார். பச்சிளங்குழந்தை ஒன்றும் இறந்தது. மகன் ஒருவனும் மகள் ஒருத்தியும் எஞ்சினர். அதே காலத்தில் ஆலையும் விற்கப்பட்டது. ஜூல் மீண்டும் மணம் செய்யவில்லை, ஆராய்ச்சியே துணையாயிற்று. தாம்சனோடு சேர்ந்து, அழுத்தத்திலிருந்து விரியும் வாயு குளிர்வதை ஆராய்ந்தார். காற்றைத் திரவமாக்கும் தொழில் பின்னர் இதன்மேல் எழுந்தது. முதுமையில் செல்வமும் கரைந்தது. 1878இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அளித்தது. அதே ஆண்டில், அறுபதை நெருங்கும் வயதில், துடுப்புச் சக்கரச் சோதனையை மீண்டும் செய்து 772.55 என்ற விடையை வெளியிட்டார்.

1889 அக்டோபர் 11ஆம் நாள் சேல் என்ற ஊரில் அவர் மறைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றிருந்தது. 1948இல் வெப்பத்திற்கும் அதுவே அலகு என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. வேலைக்கு ஒரு பேரேடு, வெப்பத்திற்கு ஒரு பேரேடு என்று இருந்தது ஒன்றாயிற்று. அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்ட எண் 772.55. மான்செஸ்டர் நகர மண்டபத்தின் வாயிலில் டால்டனின் சிலைக்கு எதிரே ஜூலின் சிலை இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஒருவரை ஒருவர் நோக்கி அமர்ந்திருக்கின்றனர்.

நமக்கு உரியது

இனி நம் போர்ட்டரிடம் திரும்புவோம். அவர் சுமையின்மீது வேலை செய்யவில்லை என்று சொல்லி நிறுத்துவது பாதிக் கணக்கு. அவர் உண்ட உணவு தசைகளில் எரிகிறது. அது எங்கே போயிற்று என்று ஜூல் கேட்டதுபோல் கேட்கவேண்டும். சுமை உயரவில்லை, வேகமும் கூடவில்லை. ஆகவே அதன் கணக்கில் வரவில்லை. சுமையைத் தாங்கும்போது தசை நார்கள் ஓயாமல் சுருங்கித் தளர்கின்றன. அச்செலவு பெரும்பாலும் உடலின் வெப்பமாகிறது. அந்த வியர்வையே அதற்குச் சாட்சி. இப்படிச் சொன்னால் புத்தகமும் கண்ணும் ஒன்றையே சொல்வதை மாணவன் காண்பான். ஒரு பொருளின் கணக்கில் விசையின் வழியாக ஏறும் வரவே வேலை என்பது அப்போது விளங்கும். வரையறை இதன் பிறகு வரட்டும், நில்லாது போகாது.

சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள தடித்த அட்டைக் குழாயில் சிறு ஈயக் குண்டுகளைப் போட்டு இருபுறமும் அடைத்து, 50 முறை தலைகீழாகத் திருப்பினால் போதும். ஒவ்வொரு முறையும் குண்டுகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் விழுகின்றன. விழுந்த ஆற்றல் முழுவதும் ஈயத்தில் வெப்பமாகத் தங்கினால் வெப்பநிலை நான்கு டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்றுக் குறைவாக உயரவேண்டும். எத்தனை குண்டு என்பது கணக்கில் வராது என்பதும் மாணவனுக்கு ஒரு வியப்பு. ஈயம் நஞ்சாதலால் பின்னர்க் கைகளை நன்கு கழுவச் செய்யவேண்டும். வெப்பமானி நான்கைக் காட்டாது, குறைவாகவே காட்டும். அந்தக் குறையை மறைத்துப் புத்தக விடையை எழுதச் சொல்லும் ஆசிரியர் பாடத்தைக் கெடுக்கிறார். மீதி எங்கே போயிற்று, குழாய்க்கா, கைக்கா, காற்றுக்கா என்று கேட்பவரே ஜூலின் வழியில் நிற்பவர்.

838 என்று தொடங்கி 772இல் வந்து நின்ற மனிதர் தம் பழைய எண்களை ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அச்சிட்டு வைத்தார். அரை டிகிரியை அலட்சியம் செய்யாத அந்த நேர்மையை நம் மாணவருக்கு ஊட்டினால், அவர்கள் சூத்திரத்தை மறந்தாலும் கணக்கை மறக்கமாட்டார்கள். பாடம் சொல்லப் போகும் நண்பர்கள் அடுத்த முறை ஜூல் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் அருகே ஒரு கேள்விக்குறியையும் போட்டுத் தொடங்குவார்களாக!